வெள்ளைவாலுக்கு ஒரு மழைக்காலத் தவணை

நாய்க்கு எதற்கு வால் என்று என் அண்ணன் ஒரு நாள் என்னைக் கேட்டான். கேட்ட இடம் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப் டீக்கடை. பெஞ்சு நிறைய ஆள். எனக்குப் பதில் உடனே வரவில்லை. பதில் வராவிட்டால் எனக்குக் கோபம் வந்துவிடும். அதனால், "மனுசனுக்கு எதுக்கு மீசை?" என்று திருப்பிக் கேட்டேன். கடையே சிரித்தது. அண்ணன் நிதானமாக மீசையைத் தடவிக்கொண்டு, "இது முள்ளுல மாட்டாதுட்டி" என்றான். அதற்கும் கடை சிரித்தது. அன்று ஆரம்பித்த சண்டை ஒரு வருஷத்துக்குக் குறையாமல் நடந்தது.

நான் இருப்பது சங்கரன்கோவிலில். ஓர் அலுவலகத்தில் வேலை. வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறி, காலையில் தறிச் சத்தம் ஆரம்பித்தால் போனில் பேசுகிறவர்கள் என்னை எப்போதும் ரயிலில் போகிறவள் என்றே நினைப்பார்கள். அண்ணன் இருப்பது சொந்த ஊரில், குருவிகுளத்தைத் தாண்டி இளையரசனேந்தல் போகிற பக்கம். மானாவாரி நிலம் கொஞ்சம், செம்மறி மந்தை ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்தேன் என்றால் அங்கேதான் போய் நிற்பேன். அண்ணன் மனைவி, என் மதினி, மீன் குழம்பு வைத்திருப்பாள் என்பது ஒரு காரணம். அண்ணனோடு வாயாடலாம் என்பது இன்னொன்று.

மந்தைக்காரர்கள் நாய்க்கு வாலை வைத்துக்கொள்ள மாட்டார்கள். குட்டி கண் திறப்பதற்குள் வாலில் நூலை இறுக்கிக் கட்டிவிடுவார்கள். ரத்த ஓட்டம் நின்று, நுனி காய்ந்து, தானாக விழுந்துவிடும். விழுந்த துண்டைத் தணலில் சுட்டு, கஞ்சியில் போட்டு, குட்டி நக்கித் தின்கிற பருவம் வந்ததும் அதற்கே கொடுப்பார்கள். தன் வாலைத் தானே தின்ற நாய்க்கு ரோஷம் ஜாஸ்தி என்பது அவர்கள் கணக்கு. சுற்று வட்டாரத்தில் இந்த வேலைக்கு மதினியின் தம்பியைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கை இறுக்கினால் இறுக்கினதுதான். சட்டைப் பையில் நூல்கண்டோடு பைக்கில் வந்து, டீ குடித்து, கட்டிவிட்டுப் போவார்.

சிறு வயதிலிருந்து பார்த்த விஷயம்தான். அது எனக்கு உறைத்தது டீக்கடைச் சண்டை ஆரம்பித்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அண்ணனின் பெட்டை நாய், சிப்பிப்பாறைக் கலப்பு உள்ள நாட்டு நாய், தொழுவத்து மூலையில் குட்டி போட்டிருந்தது. எல்லாம் செவலை. ஒன்றுக்கு மட்டும் வால் நுனி சுண்ணாம்பில் முக்கி எடுத்ததுபோல வெள்ளை. கண்ணும் தெரியாமல் காதும் கேளாமல் தாயின் வயிற்றை முட்டிக்கொண்டிருந்தது, ஆனால் அந்த வெள்ளை மட்டும் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. மதினியின் தம்பி வருவதற்குள் அதைத் தூக்கித் துப்பட்டாவில் சுருட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன். அண்ணன் பின்னாலேயே வந்தான். அப்படித்தான் டீக்கடையில் பஞ்சாயத்து கூடியது.

என்னிடம் ஆயுதம் இல்லாமல் இல்லை. போனில் தேடி எடுத்தேன். எங்கோ வெளிநாட்டில் டாக்டர்கள் எல்லாம் சேர்ந்து வால் வெட்டக் கூடாது என்கிறார்கள், குட்டிக்கும் வலி உண்டு என்கிறார்கள் என்று சத்தமாகப் படித்தேன். அண்ணன் போனைப் பிடுங்கி இன்னும் கொஞ்சம் கீழே தள்ளினான். அதே ஊரில் வேட்டைக்காரர்கள், வேலை செய்கிற நாய்க்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று கொடி பிடிக்கிறார்களாம்.

"பாத்தியா, வெள்ளைக்காரனே வெட்டுதான். நீ என்னமோ நான்தான் ராட்சசன் மாதிரி பேசுத."

"அவனுக்கும் புத்தி இல்லைன்னு அர்த்தம்."

"ஏட்டி, ஒனக்கு நாய்ன்னா என்ன? வீட்டு வாசல்ல படுத்துக் கெடந்து பிஸ்கட் திங்கும். எனக்கு அது கூட வேலை செய்ற ஆளு. வேலிக்கருவை முள்ளுக்குள்ள தலையைக் குடுத்து ஆட்டைப் பத்திக்கிட்டு வரணும். முன்ன இருந்துச்சே கருப்பு, ஒனக்குத் தெரியும்லா? வாலோடதான் வளத்தேன். முள்ளுல கிழிஞ்சுது. ஆட்டி ஆட்டி அது ஆறவே இல்லை. புழு வச்சிட்டு. நான்தான் உக்காந்து குச்சியால எடுத்தேன். எடுக்க எடுக்க வருது. என் மடியிலதான் போச்சு."

கருப்பு செத்துப்போனது எனக்குத் தெரியும். எப்படிச் செத்தது என்று தெரியாது. அண்ணன் இரக்கம் இல்லாமல் வெட்டுகிறான் என்று நினைத்துத்தான் நான் அத்தனை வேகமாகக் கிளம்பியிருந்தேன். இவன் பயந்து வெட்டுகிறான் என்பது என் வேகத்துக்குக் கொஞ்சம் இடைஞ்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் குட்டி என் மடியில் இருந்தது, அதன் வால் என் உள்ளங்கையில் இருந்தது. விட மனசு வரவில்லை.

கடைசியில் அண்ணன்தான் ஒரு வழிக்கு வந்தான். மற்றக் குட்டிகளுக்கு நூல் கட்டுவது கட்டுவதுதான். இந்த ஒன்று மட்டும் வாலோடு மந்தையில் வளரட்டும். மழைக்காலம் முடிகிற வரைக்கும் தவணை. அது வரைக்கும் வாலால் ஒரு தொந்தரவும் இல்லை என்றால், அடுத்த ஈற்றில் பிறக்கிற குட்டி எதற்கும் நூல் கட்ட மாட்டான். கிழிந்தாலோ கடிபட்டாலோ, அடுத்த ஈற்றில் எல்லாவற்றுக்கும் கட்டுவான், நான் வாயைத் திறக்கக் கூடாது. டீக்கடை அண்ணாச்சி சாட்சி. எனக்கு ஒரே குஷி. அடுத்த ஈற்றுக் குட்டிகள் அத்தனை பேரின் வாலும் இந்த ஒரு வாலில் தொங்குகிறது என்பது ஸ்கூட்டரில் பாதி வழி வந்த பிறகுதான் மண்டையில் ஏறியது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைக்காக நான் காத்திருந்ததுபோல யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

வெள்ளைவால் வளர்ந்தது. அப்படி ஓர் ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. நேராகப் போகிற ஓட்டம் எல்லா நாய்க்கும் வரும். இது ஓடுகிற வேகத்திலேயே திரும்பும். ஆடு ஒன்று உளுந்துக் கொல்லைப் பக்கம் மூக்கை நீட்டினால் போதும், அங்கிருந்து பாய்ந்து, வாலை ஒரு பக்கம் வீசி, உடம்பை மறு பக்கம் ஒடித்து, ஆட்டுக்கு முன்னால் போய் நிற்கும். அதன் கூடப்பிறந்த மொட்டைவாலும் சளைத்தது இல்லை. திரும்புகிற இடத்தில் கொஞ்சம் சறுக்கும், அவ்வளவுதான். நான் அதைச் சொன்னால் அண்ணன், "அது தரை வழுக்குது" என்பான்.

மழை விழுந்தது. குளம் பெருகி, கொஞ்சம் வற்றி, உள்ளே கோரை ஆள் இடுப்புக்கு வளர்ந்தது. அப்போதுதான் அண்ணனிடம் ஒரு மாற்றத்தைப் பார்த்தேன். கரையில் நின்று ஆட்டைப் பார்க்காமல் வாலைப் பார்க்க ஆரம்பித்திருந்தான். கோரைக்குள் நாய் தெரியாது, அந்த வெள்ளை மட்டும் மேலே தெரியும்.

"வால் மெதுவா ஆடுச்சுன்னா ஒண்ணுமில்லை. வெறைச்சு நின்னா வேத்து ஆளு. தாந்துட்டுன்னா பாம்பு. இதெல்லாம் ஒனக்குத் தெரியாது" என்று எனக்கே பாடம் எடுத்தான். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். சிரித்துவிட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

வாலைத் தின்ற நாய்க்குத்தான் ரோஷம் என்கிற மதினியின் தம்பிகூட ஒரு தடவை கரையில் நின்று பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா பிடி கெடைக்கும்லா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பிடி என்றால், சண்டை வந்தால் எதிராளி நாய்க்குக் கடித்துப் பிடிக்க வாகாக ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். முன்பு ஓநாய்க்குப் பயந்து சொல்வார்களாம். இப்போது ஓநாயைப் பார்த்தவர்கள் இல்லை. அதற்குப் பதிலாக ரோட்டோரம் கோழிக்கழிவைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அதைத் தின்று கொழுத்த தெருநாய்கள் கூட்டம் கூட்டமாக மந்தைக்குள் வருகின்றன.

பொங்கல் முடிந்தது. மழைக்காலம் முடிந்தது என்று ரேடியோ, டிவி, காலண்டர் எல்லாம் சொன்னது. அண்ணன் மட்டும் சொல்லவில்லை. இதற்குள் பெட்டை நாய் மறுபடி குட்டி போட்டிருந்தது. ஒரு நாள் காலையில், இன்று சாயங்காலம் தம்பி நூல் கட்ட வருகிறான் என்று மதினி போனில் சொன்னாள். நான் அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டுப் பறந்தேன். நேராகக் குளத்தங்கரை. அண்ணன் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றான். கீழே கோரைக்குள் மந்தை.

"தவணை முடிஞ்சுது. தீர்ப்பைச் சொல்லு" என்றேன்.

"என்ன அவசரம்? பெய்றது நின்னுச்சா? நேத்துக்கூட தூத்தல் போட்டுச்சு."

"பேச்சு மாறாத அண்ணே. டீக்கடை அண்ணாச்சி சாட்சி இருக்கு."

"பேச்சு மாறலைட்டி. மத்தவங்களும் குட்டி கேட்டிருக்காங்க. வாலோட குடுத்தா வாங்க மாட்டானுக. அவனுகளுக்கு நான் என்ன சொல்ல?"

"வெள்ளைவாலைக் காட்டு."

அவன் வாயைத் திறந்தான். குளத்துக்குள் ஆடுகள் ஒரே சமயத்தில் கலைந்தன. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எல்லாத் திசையிலும் கோரை அசைகிறது, எல்லாத் திசையிலும் ஆடு கத்துகிறது. குரைப்புச் சத்தம் கேட்கிறது, அது நம் நாயா தெருநாயா என்று சொல்ல முடியவில்லை. அண்ணன் கரையில் இந்தப் பக்கம் நாலு எட்டு ஓடினான், அந்தப் பக்கம் நாலு எட்டு ஓடினான்.

அப்போது வெள்ளை தெரிந்தது. கோரைக்கு மேலே நேர்கோடு போட்டதுபோல ஓடி, தூரத்தில் மதகுப் பக்கம் போய், விறைத்து நின்றது.

"அங்கன!" என்று கத்தினேன். அண்ணன் அதற்கு முன்பே பாய்ந்துவிட்டான். நானும் பின்னால் ஓடினேன். சேறு செருப்பை வாங்கிக்கொண்டது. தலையில் ஹெல்மெட் இருப்பதே ஞாபகம் இல்லை. கிட்டே போனால், சினையாடு ஒன்றைக் கீழே தள்ளிவிட்டுத் தெருநாய்கள் சுற்றி நிற்கின்றன. ஆட்டுக்கும் அவற்றுக்கும் நடுவில் வெள்ளைவால். மொட்டைவாலும் எங்கிருந்தோ வந்து ஒரு தடியனின் கழுத்தைப் பிடித்துத் தொங்கியது. அண்ணன் கம்பைச் சுழற்றினான். நான் கல்லைத் தேடினேன், குளத்துக்குள் ஏது கல், ஹெல்மெட்டைக் கழற்றி வீசினேன். ஒன்றன் மேல் நன்றாகவே பட்டது. எனக்கு அந்த நேரத்தில் பயமே இல்லை. எங்கள் சித்தி வீட்டுக் கல்யாணத்தில்கூட நான் அவ்வளவு சத்தம் போட்டதில்லை.

அவை ஓட ஆரம்பித்தன. கடைசியாகப் போன ஒன்று, போகிற போக்கில் வெள்ளைவாலின் வாலைக் கவ்வியது. விடவில்லை. அண்ணன் அதன் முதுகில் அடித்த பிறகுதான் விட்டது. விட்டபோது வெள்ளை இல்லை. ரத்தம்தான் இருந்தது.

சினையாடு எழுந்து உடம்பை உதறிக்கொண்டு நடந்தது. மொட்டைவாலுக்கு ஒரு கீறல் இல்லை. பிடித்துக்கொள்ள அதற்கு என்ன இருக்கிறது? நானும் அண்ணனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஆட்டைக் காட்டிக்கொடுத்தது வால்தான். அகப்பட்டதும் வால்தான். நான் சொன்னதும் நடந்துவிட்டது, அவன் சொன்னதும் நடந்துவிட்டது, இரண்டும் ஒரே இடத்தில்.

மந்தையைப் பக்கத்துப் புஞ்சைக்காரரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, அண்ணன் நாயைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினான். சேற்றுக் காலோடு, ஹெல்மெட் இல்லாமல், குருவிகுளத்தைத் தாண்டி சங்கரன்கோவிலுக்கு நான் ஓட்டிய ஓட்டு எனக்கே புதுசு. வழி நெடுக அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் நாயிடம் பேசிக்கொண்டே வந்தான். என்ன பேசினான் என்று காற்றில் கேட்கவில்லை. ஊருக்குள் வந்து தறிச் சத்தம் ஆரம்பித்ததும் நாய் ஒரு தடவை முனகியது, அவன் அதன் காதைக் கையால் பொத்தினான்.

நாய்க்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா எனக்கு முன்பே பழக்கம். துண்டை விலக்கிப் பார்த்தார். எலும்பு நொறுங்கி, தோல் உரிந்து வந்திருந்தது. "சும்மா அழகுக்கு வெட்டச் சொல்லி யார் வந்தாலும் அனுப்பிருவேன். இது அப்படி இல்லை. இதை எடுக்கணும் அண்ணாச்சி. விட்டா சீழ் மேல ஏறும்" என்றார்.

அண்ணன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான். இத்தனை வருஷமாகக் குட்டிகளைப் பிடித்துக் கொடுத்த கை அது.

"எம்புட்டு மிச்சம் வைக்கலாம்?"

"நாலு விரக்கடை வரும்."

"ஒரு சாண் வைங்களேன். கோரைக்குள்ள தெரியணும்லா."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல? எடுத்துவிடுங்கள் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வருஷம் அந்த வாலுக்காகக் கத்தியவள் நான். என் வாயாலேயே சொன்னேன். "எடுத்துருங்கம்மா. அண்ணே, விடு." சொல்லும்போது அழுகை வந்துவிட்டது, வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

மயக்க ஊசி போட்டார்கள். நாயின் கண் பாதியில் நின்றது. அண்ணன் மேஜைக்குக் கிட்டே வந்து, குனிந்து, யாரோ தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகக் கேட்டான்.

"இப்ப வலிக்குமாம்மா?"

"வலி தெரியாது அண்ணாச்சி. அதுக்குத்தான் ஊசி."

"நாங்க குட்டிக்கு நூல் கட்டுதோமே, அதுக்கு?"

"அதுக்குத் தெரியும்" என்றார் டாக்டரம்மா.

கையுறையை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். அண்ணன் வெளியே போனான். நானும் போனேன். வராந்தாவில் நின்று போனை எடுத்தான். இரண்டு தடவை தப்பாக யாருக்கோ போய், பிறகு மதினிக்குக் கிடைத்தது. ஸ்பீக்கரில் போட்டுக் கத்தினான்.

"ஏட்டி, ஒன் தம்பி வந்துட்டானா? குட்டியத் தொட வேண்டாம்னு சொல்லு. கேக்குதா? நூலை எடுக்கவே கூடாது. நான் சொன்னேன்னு சொல்லு."

"அவன் மத்தியானமே வந்துட்டான்" என்றாள் மதினி.

அண்ணன் சுவரில் சாய்ந்துவிட்டான்.

"வந்தவனுக்கு டீ போட்டுக் குடுத்தேன். அவரு மனசு மாறிட்டாரு, நூல் வேண்டாமாம்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"நான் எப்பட்டி மாறினேன்?"

"குளத்தங்கரையில நின்னு பேசுததை ஊரே கேக்கு. வாலு இப்படி, வாலு அப்படின்னு. எனக்குக் கேக்காதா?"

அண்ணன் போனை வைத்தான். அப்புறம், "இந்தக் குட்டிக வால் கிழிஞ்சு வந்தா என்ன செய்ய?" என்று என்னிடம் கேட்டான். டீக்கடையில் கேட்ட குரல் இல்லை. எதிர்த்துப் பேச ஆள் தேடுகிற குரலும் இல்லை. எனக்குப் பதில் தெரியவில்லை, கோபமும் வரவில்லை. "இங்கன கொண்டாந்துருவோம்" என்றேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். வேலை முடிந்திருந்தது. நாய் பக்கவாட்டில் படுத்திருந்தது. பின்னால் கட்டை விரல் நீளத்துக்கு வெள்ளைத் துணிக்கட்டு. மயக்கம் தெளிய நேரமாகும், தொடாமல் நில்லுங்கள் என்றார் டாக்டரம்மா. அண்ணன் தொடவில்லை. தள்ளி நின்று, தொண்டையை மட்டும் லேசாகச் செருமினான்.

கண் திறக்கவில்லை, தலை நிமிரவில்லை. அந்தத் துணிக்கட்டு மட்டும் மேஜையில் தட் தட் என்று அடிக்க ஆரம்பித்தது.

"ஆட்டாதல" என்றான் அண்ணன். "ஏலே, ஆட்டாத. தையல் பிரிஞ்சிரும்ல."

அவன் குரல் கேட்கக் கேட்க அது இன்னும் வேகமாக ஆட்டியது.